தப்பான டிஸ்க்

நான் உருவியது நல்ல டிஸ்க். அது கைக்கு வந்த மறுநொடியே பெட்டி கத்த ஆரம்பித்துவிட்டது.

ஆறு டிஸ்க் உள்ள ரெய்டு பெட்டி அது. (வருமான வரி ரெய்டு இல்லை, ஆனால் பதற்றம் கிட்டத்தட்ட அதே அளவுதான்.) மூன்றாம் எண் டிஸ்க்கில் பிழைகள் கூடிக்கொண்டே போகின்றன, மாற்றிவிடு என்றது மென்பொருள். பெட்டியின் முகப்பில் 3 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை இழுத்தேன். மென்பொருள் 0விலிருந்து எண்ணுகிறது. ஸ்டிக்கர் ஒட்டிய புண்ணியவான் 1லிருந்து எண்ணியிருக்கிறார். சாகக் கிடந்த டிஸ்க் 4 என்று ஒட்டியிருந்த ஸ்லாட்டில் இருந்தது. இப்போது மொத்தத் தரவும் அந்த நோயாளியை நம்பி நின்றது.

இந்தப் பயமே இருக்கக் கூடாது என்றுதான் ரெய்டைக் கொண்டுவந்தார்கள். 1988இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், ராண்டி கேட்ஸ், அப்போது மாணவராக இருந்த கார்த் கிப்சன் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐபிஎம் 3380 மாதிரி ஒரு ராட்சச டிஸ்க்கை வாங்குவதற்குப் பதில், பெர்சனல் கம்ப்யூட்டரில் போடும் 100 எம்பி டிஸ்க்குகளை வரிசையாக அடுக்கினால் என்ன? விலை குறையும், வேகம் கூடும். சிக்கலையும் அவர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்றால், நூறு டிஸ்க் அடுக்கில் 300 மணி நேரத்துக்கு ஒன்று சாகும். அதாவது இரண்டு வாரம்கூடத் தாங்காது.

அதற்கு மருந்து ஒரு மளிகைக்கடைக் கணக்கு. ஐந்து நோட்டில் ஐந்து எண்கள், ஆறாவதில் அவற்றின் கூட்டுத்தொகை. எந்த ஒரு நோட்டு எரிந்தாலும் மற்ற ஐந்தை வைத்து அதை எழுதிவிடலாம். நிஜத்தில் அது கூட்டல் இல்லை, எக்ஸ்ஆர். கூட்டுத்தொகையும் ஒரே டிஸ்க்கில் உட்காராமல் எல்லாவற்றிலும் பரவிக் கிடக்கும். ஆனால் தத்துவம் இவ்வளவுதான். இந்த யோசனை முழுக்கப் புதிதும் இல்லை. ஐபிஎம்மில் இருந்த நார்மன் கென் ஓவுச்சி 1978லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பெர்க்லிக்காரர்கள் அதற்கு வகைப்பாடும் பெயரும் கொடுத்தார்கள். பெயர் வைத்தவருக்குத்தான் புகழ் என்பது நம் துறையின் பழைய வழக்கம்.

அந்தப் பெயரில்தான் எனக்கு ஒரு மனக்குறை. ரெய்டில் உள்ள 'ஐ' முதலில் 'மலிவான' என்ற பொருளில் இருந்தது. பிறகு அது 'ஒன்றையொன்று சாராத' என்று மாறியது. டிஸ்க்குகள் ஒன்றையொன்று சாராமல் சாகும் என்பது மூலக் கட்டுரையின் கணக்கிலேயே இருந்த அனுமானம். என் பெட்டியில் இருந்த ஆறும் ஒரே நாளில், ஒரே அட்டைப்பெட்டியில் வந்தவை. ஒரே சூட்டில் வெந்தவை. ஒன்றுக்கு முடியவில்லை என்றால் மற்றதுக்கு மட்டும் உடம்பு நன்றாக இருக்குமா? 2007இல் பியாங்கா ஷ்ரோடரும் அதே கார்த் கிப்சனும் ஏறக்குறைய 1,00,000 டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தயாரிப்பாளர்களின் தாளில் ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் சாகாது என்று இருந்தது. நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணமாக மாற்றப்பட்டன, சில இடங்களில் 13 வரை. சாவுகள் கூட்டமாக வந்தன என்பதையும் சொன்னார்கள்.

1988 கட்டுரை பழுதுபார்க்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டது. இன்றைய 16 டிபி டிஸ்க்கை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் நிரப்பினாலும் 22 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுக்க மிச்சமுள்ள கிழடுகள் தங்கள் மூலைமுடுக்கையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்துக் காட்ட வேண்டும். வருஷக்கணக்கில் யாரும் தொடாத இடத்தில் ஒரு பிழை ஒளிந்திருந்தால் அது வெளியே வருவதும் அப்போதுதான். இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் ரெய்டு 6 பரவலானதற்கு இதுவே காரணம்.

மனிதத் தவறையும் பேட்டர்சன் விடவில்லை. 2001இல் ஆரன் பிரவுனுடன் சேர்ந்து, சிலருக்குப் பயிற்சி கொடுத்து, செத்த டிஸ்க்கை மாற்றச் சொல்லிப் பார்த்தார். செய்முறை கையில் இருந்தும் தப்பு செய்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அன்றைக்கு நான் சீனியருக்குப் போன் போட்டேன். "அண்ணா, தப்பான டிஸ்க்கை உருவிட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "திரும்பச் சொருகிட்டியா?"

"இல்லண்ணா."

"தொடாத. சொருகினா அதைப் புதுசுன்னு நினைச்சு மேல எழுத ஆரம்பிச்சிடும், நோயாளி தாங்காது. எழுதற புரோகிராம் எல்லாத்தையும் நிறுத்து. முதல்ல தரவை வெளிய காப்பி பண்ணு. சீரியல் நம்பர் பாத்தியா?"

பார்க்கவில்லை. மென்பொருள் காட்டும் சீரியல் எண்ணை டிஸ்க்கின் உடம்பில் உள்ளதோடு ஒப்பிட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஸ்லாட்டின் விளக்கை மட்டும் மினுக்கச் சொல்லும் கட்டளையும் இருந்தது. ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் புது டிஸ்க்கை அங்கே செருகி, நகலெடுத்து முடித்த பிறகு பழையதைக் கழற்றலாம் என்பதெல்லாம் நான் பின்னால் கற்றது.

விடிய விடிய காப்பி ஓடியது. சாகக் கிடந்த டிஸ்க் இரண்டு கோப்புகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்தது. அந்த இரண்டையும் முந்தைய வார பேக்கப்பிலிருந்து எடுத்தோம். காலையில் சீனியர் வந்தார், என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து ஸ்டிக்கர்களின் மேல் 0, 1, 2 என்று எழுத ஆரம்பித்தார்.