கிளாஸ்ஹூட்டே: வெள்ளி தீர்ந்த ஊரின் கடிகாரத் தொழில்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டன் நகருக்குத் தெற்கே, ‘தாதுமலை’ எனப் பொருள்படும் எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடரில் அமைந்துள்ள சிற்றூர் கிளாஸ்ஹூட்டே. ஊர்ப்பெயருக்குக் ‘கண்ணாடி உலைக்கூடம்’ என்பது பொருள். எனினும் 1506ஆம் ஆண்டு நகர உரிமை பெற்ற இவ்வூரை வளர்த்தது வெள்ளிச் சுரங்கமே. தாது வற்றியபின் வறுமை சூழ்ந்தது; வைக்கோல் பின்னல் போன்ற சிறுதொழில்களே மக்களுக்குப் பிழைப்பாயின.

டிரெஸ்டன் அரசவைக் கடிகாரக் கலைஞர் குட்கேஸிடம் தொழில் பயின்ற ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே, இம்மலைப்பகுதியில் கடிகாரத் தொழிலை நிறுவ விரும்பிச் சாக்சனி அரசிடம் கடன் வேண்டினார். 7,820 தாலர் கடன் கிடைத்தது. 1845 டிசம்பர் 7 அன்று 15 பயிற்சியாளர்களுடன் பட்டறை தொடங்கிற்று. தொழில் மரபு சிறிதும் அற்ற இளைஞர்களைக் கொண்டு நுண்தொழில் தொடங்குவது எளிதன்று. ஆகவே முழுக் கடிகாரத்தையும் ஒருவரே செய்யும் முறையை விடுத்து, ஆளுக்கு ஓர் உறுப்பின் வேலையைக் கற்பித்தார் லாங்கே. அவ்வாறு தேர்ந்தவர்கள் பின்னர்த் திருகாணி, பல்சக்கரம், முள் எனத் தனித்தனிப் பட்டறைகள் அமைத்தனர். பல பட்டறைகளின் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமாயின் பொது அளவை இன்றியமையாதது. பழைய பாரிசு அளவைக்கு மாற்றாக அவர் மீட்டர் அளவுமுறையைப் புகுத்தியதன் காரணம் இதுவே. 1848 முதல் 18 ஆண்டுகள் அவரே நகரத்தலைவராகவும் விளங்கினார். 1878இல் மோரிட்ஸ் கிராஸ்மன் முயற்சியால் கடிகாரத் தொழிற்பள்ளியும் தோன்றிற்று.

1945 மே 8, போரின் இறுதி நாளில், லாங்கே நிறுவனத்தின் முதன்மைக் கட்டடம் குண்டுவீச்சில் அழிந்தது. எஞ்சிய இயந்திரங்களைச் சோவியத் ஆட்சியினர் இழப்பீடாகக் கொண்டு சென்றனர். 1951இல் ஊரின் கடிகார நிறுவனங்கள் அனைத்தும் ஒரே அரசு நிறுவனமாக இணைக்கப்பட்டன. லாங்கே பெயர் கடிகார முகப்பிலிருந்து மறைந்தது.

இக்காலத்தை இருண்ட இடைவெளி என்று கடந்துசெல்வது இவ்வூர் பற்றி எழுதுவோரின் வழக்கம். அது பொருந்தாது. 1990 டிசம்பர் 7இல் லாங்கேயின் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே நிறுவனத்தை மீண்டும் பதிவு செய்தபோது அவரிடம் கட்டடமோ கருவியோ இல்லை. ஆனால் ஊரில் கைத்திறன் இருந்தது. 1994இல் வெளிவந்த புதிய கடிகாரங்களை உருவாக்கியோருள் அரசு நிறுவனத்தில் பயின்ற தொழிலாளர் பலர். பெருமையை ஒரு குடும்பத்திற்கே உரிமையாக்கும் வரலாறு இவர்களை மறந்துவிடுகிறது.

ஊர்ப்பெயரே இன்று சட்டப் பாதுகாப்பு பெற்ற சொத்து. 2022இல் நடைமுறைக்கு வந்த ஆணையின்படி, உற்பத்தி மதிப்பில் பாதிக்கு மேல் அங்கு உருவானால்தான் ஒரு கடிகாரம் ‘கிளாஸ்ஹூட்டே’ என்னும் பெயரைத் தாங்கலாம்.