கலிபோர்னியாப் பல்கலைக்கழக உயிர்விசையியல் ஆய்வகம்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துப் பொறியியல் துறையும், வளைகுடாவுக்கு அப்பால் ஸான் பிரான்ஸிஸ்கோவில் உள்ள அதன் வைத்தியக் கலாசாலையும் ஒன்றுகூடி 1945 ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வாய்வகம், மனித நடையை அளவுக்கும் கணிதத்துக்கும் உட்படுத்திய ஸ்தாபனங்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. எலும்பையும் மூட்டையும் தசையையும் யந்திர உறுப்புகளாகக் கருதி, அவற்றில் எழும் விசைகளையும் அசைவுகளையும் கணித்தறியும் சாஸ்திரமே உயிர்விசையியல். தொடக்கத்தில் செயற்கை அவயவ ஆராய்ச்சித் திட்டமாக நடந்த வேலை பிற்பாடு இச்சாஸ்திரத்தின் பெயரையே ஏற்றது. எலும்பு வைத்தியர்களும் செயற்கைக் கால் செய்வோரும் 'யூ.சி.பி.எல்.' என்ற எழுத்துகளால் இன்றும் அதைக் குறிப்பிடுகின்றனர்.

இரண்டாம் உலக யுத்தத்தில் கால் இழந்து தாயகம் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், தங்களுக்கு அளிக்கப்பட்ட கட்டைக்கால்களைப் பற்றிச் செய்த முறையீடுகளே இவ்வாய்வகம் பிறக்கக் காரணமாயின. படையின் தலைமை வைத்தியர் தேசிய விஞ்ஞானக் கழகத்தை அணுகியதன் பேரில், 1945 ஜனவரியில் சிகாகோ நகரில் வைத்தியர்களும் பொறியியலாரும் கால் செய்யும் தொழிலாளரும் கூடி ஆலோசித்தனர். நல்ல கால் எவ்வாறு நடக்கிறது என்பதே செவ்வையாகத் தெரியாதபோது, அதற்குப் பதிலாக ஒன்றைச் செய்து கொடுப்பது எங்ஙனம் என்ற கேள்வி அங்கே எழுந்தது. லைப்ஸிக் நகரத்து வில்ஹெல்ம் பிரௌனேயும் ஆட்டோ ஃபிஷரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செய்த அரிய அளவீடுகள் இருந்தன என்பது உண்மையே. ஆனால் அவை மிகச் சிலருடைய நடையை மட்டுமே பற்றியவை. யந்திர நிபுணன் கையிலெடுத்து உடனே பிரயோகிக்கத்தக்க வடிவிலும் அவை இல்லை. ஆகவே, செயற்கைக் காலைச் சீர்திருத்துவதற்கென்று வந்த பொருளில் கணிசமான பகுதியை இயற்கைக் காலை ஆராய்வதிலேயே செலவிட்டனர். அவசரத்தில் இருந்த சர்க்கார் அதற்கு இடங்கொடுத்தது வியப்புக்குரியது.

ஆய்வகத்தின் வைத்தியத் தலைவர் வெர்ன் தாம்ஸன் இன்மன் (1905–1980). உடற்கூற்று சாஸ்திரத்தில் ஆராய்ச்சிப் பட்டமும், எலும்பு-மூட்டு ரண சிகிச்சையில் தேர்ச்சியும் ஒருங்கே பெற்றவர். தோள்மூட்டின் இயக்கத்தைப் பற்றி ஸாண்டர்ஸ், ஆபட் என்னும் இருவரோடு 1944 இல் வெளியிட்ட கட்டுரையால் அதற்கு முன்பே பெயர் பெற்றிருந்தார். 1957 முதல் 1970 வரை ஸான் பிரான்ஸிஸ்கோவில் எலும்பு-மூட்டு சிகிச்சைத் துறையின் தலைமைப் பதவியையும் வகித்தார். பொறியியல் பக்கத்துக்குத் தலைவராக இருந்தவர் பெர்க்லியின் கட்டடப் பொறியியற் பேராசிரியர் ஹோவர்ட் ஏபர்ஹார்ட். யுத்த காலத்தில் விமான ஓடுபாதைகளின் தாங்குதிறனைச் சோதிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது 1944 இல் நேர்ந்த விபத்தில் அவர் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தார். செங்கல்லும் இரும்பும் தாங்கும் பாரத்தைக் கணக்கிட்டு வந்த ஒருவர் தம் உடலின் பாரத்தை ஒரு கட்டையின்மேல் இறக்கவேண்டி வந்தது. எஞ்சிய காலைச் செருகும் குழியாகிய சாக்கெட்டின் விளிம்பு சதையை எவ்விடத்தில் உராய்கிறது என்பதை அறிய அவர் வேறொருவரைக் கேட்க வேண்டியதில்லை. மூன்றாமவராகிய ஜான் பெர்ட்ரண்ட் ஸாண்டர்ஸ் தென்னாப்பிரிக்காவில் பிறந்த உடற்கூற்று நிபுணர். பழைய உடற்கூற்று ஆசிரியர் வெஸாலியஸின் சித்திரங்களைப் பற்றி எழுதிய வைத்திய சரித்திரக்காரர் என்ற வகையிலும் அறியப்பட்டவர்.

இவர்கள் கையாண்ட உபாயங்கள் இன்று பார்க்கையில் முரட்டுத்தனமாகத் தோன்றினும், யோசித்துப் பார்த்தால் நுட்பத்திற் குறைந்தவை அல்ல. தடித்த கண்ணாடியால் நடைபாதை அமைத்து, நடப்பவனை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் மட்டுமன்றிப் பாதங்களுக்குக் கீழிருந்தும் சலனப் படம் எடுத்தனர். இருட்டறையில் மூட்டுகள்தோறும் சிறு விளக்குகளைக் கட்டி நடக்கவிட்டு, திறந்திருந்த காமிராவின் முன்னே துளையிட்ட தகட்டைச் சுழற்றி, ஒரே படத்தில் கால் அடுத்தடுத்து எடுக்கும் நிலைகளையெல்லாம் ஒளிப்புள்ளிகளாகப் பதிவித்தனர். தரையில் பதித்த விசைத்தட்டு, பாதம் ஊன்றும்போது செங்குத்தாகவும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் விழும் விசையைத் தனித்தனியே காட்டியது.

ஆனால் இவை எவற்றாலும் ஒரு செய்தி பிடிபடவில்லை. நடக்கையில் காலின் எலும்புகள் தம் நெடுக்கு அச்சைப் பற்றி உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் திரும்புகின்றன. தோலின்மேல் ஒட்டிய அடையாளமோ எலும்போடு திரும்பாமல் வழுக்கிவிடுகிறது. இதற்கு இன்மனும் சகாக்களும் கண்ட வழி, கேட்பவர் உடல் சிலிர்க்கத்தக்கது. ஆரோக்கியமுள்ள வாலிபர்கள் சிலர் மனமுவந்து முன்வர, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, இடுப்பெலும்பிலும் தொடை எலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் துருப்பிடிக்காத எஃகு ஊசிகளைத் துளைத்து இறுக்கி, அவ்வூசிகளின் வெளிமுனையில் குறிகளைப் பொருத்தி, அந்தக் கோலத்தோடேயே அவர்களை நடக்கவிட்டுப் படம் பிடித்தனர். லெவன்ஸ், இன்மன், பிளாஸர் ஆகிய மூவர் பெயரில் 1948 இல் வெளியான முடிவின்படி, ஓர் அடியெடுப்புக்குள் கணைக்கால் எலும்பு சராசரியாகச் சுமார் 19 பாகை திரும்புகிறது. இடுப்பைவிடத் தொடையும், தொடையைவிடக் கணைக்காலும் கூடுதலாகச் சுழல்கின்றன. ஆளுக்கு ஆள் வேற்றுமை பெரிது.

இந்த ஓர் எண்ணிலிருந்து கிளைத்த விசாரணைகளே ஆய்வகத்தின் மிகச் செழுமையான பகுதி என்பது இக்கட்டுரையாளர் கருத்து. பாதம் தரையில் அழுந்தி அசையாமல் நிற்கும் வேளையிலும் அதன்மேல் உள்ள கணைக்கால் திரும்பிக்கொண்டேயிருக்குமாயின், அத்திருப்பம் எங்கே போய் ஒடுங்குகிறது? கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் மடக்குவதையே முதன்மையாகச் செய்வது. அதற்குக் கீழே, கணுவெலும்புக்கும் குதிகாலெலும்புக்கும் இடைப்பட்ட மூட்டின் அச்சு தரைக்குச் சற்றேறக்குறைய 40 பாகை சாய்ந்திருப்பதைப் பிணங்களின் கால்களை அளந்து இன்மன் குழுவினர் உறுதி செய்தனர். சாய்வாகப் பொருத்திய கீலில் மேற்பலகையைத் திருப்பினால் கீழ்ப்பலகை பக்கவாட்டில் சாய்வது போல, கணைக்கால் உள்நோக்கித் திரும்புகையில் குதிகால் வெளிப்புறம் சாய்ந்து உள்ளங்கால் வளைவு தாழ்கிறது. வெளிநோக்கித் திரும்புகையில் குதிகால் நிமிர்ந்து வளைவு எழுகிறது. இந்தத் தத்துவத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தி, காலை வெளிப்புறமாகத் திருப்பி வைத்துக்கொண்டே பாதத்துக்கு அச்செடுத்துச் செய்யும் பாதரட்சை உள்ளுறை ஒன்றை ஹெண்டர்ஸன், காம்ப்பெல் என்போர் 1967 இல் விவரித்தனர். தளர்ந்த தட்டைப் பாதமுள்ள குழந்தைகளுக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் யூ.சி.பி.எல். உள்ளுறை அதுவே. கட்டைக்கால் அணிந்தவரின் தோல் சாக்கெட்டுக்குள் உராய்ந்து புண்ணாவதற்கு ஒரு காரணமும் இவ்வாறே விளங்கிற்று: திரும்ப வேண்டிய கால் திரும்ப இடமில்லாத மரத்துக்குள் அடைபட்டிருந்தது.

நடைக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டவர் உடலியங்கியல் அறிஞர் ஹென்றி ரால்ஸ்டன். பல வேகங்களில் நடப்போர் உட்கொள்ளும் பிராணவாயுவை அளந்து, 1958 இல் அவர் கண்ட சூத்திரத்தின்படி, நிமிஷத்துக்கு 74 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில்தான் கடக்கும் தூரத்துக்கு ஆகும் சக்திச் செலவு மிகக் குறைவாக இருக்கிறது. யாரும் வேகம் குறிப்பிட்டுச் சொல்லாதபோது மனிதன் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் வேகமும் அதற்கு மிக அணித்தாகவே இருக்கிறது.

ஆய்வகத்துக்கு உலகப் பிரசித்தி அளித்தது, ஸாண்டர்ஸும் இன்மனும் ஏபர்ஹார்ட்டும் 1953 இல் வெளியிட்ட, நடையின் ஆறு நிர்ணயக் கூறுகளைப் பற்றிய கட்டுரை. காம்பஸ் கருவியின் இரு கால்களைப் போல மடங்காத கால்களால் நடந்தால் உடலின் புவியீர்ப்பு மையம் அடிதோறும் வெகுவாக ஏறி இறங்கும் என்றும், இடுப்பு பக்கத்துக்கு 4 பாகை திரும்புவதும், 5 பாகை ஒருபுறம் சரிவதும், ஊன்றிய காலின் முழங்கால் 15 பாகை வரை மடங்குவதும், கணுக்காலும் முழங்காலும் ஒத்திசைந்து அசைவதும் (இவை இரு கூறுகள்), இடுப்பு பக்கவாட்டில் நகர்வதும் சேர்ந்து அந்த ஏற்ற இறக்கத்தை இரண்டு அங்குலத்துக்குள் அடக்கிச் சக்தியை மிச்சப்படுத்துகின்றன என்றும் அவர்கள் கூறினர். இலக்கணம் போல் ஒழுங்குற அமைந்த இக்கொள்கை, அரை நூற்றாண்டு காலம் வைத்திய மாணவர்களால் மனப்பாடம் செய்யப்பட்டது. ஆயினும் அதை எவரும் பரிசோதனையால் மெய்ப்பித்திருக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து கார்ட், சில்ட்ரெஸ் இருவரும் அளந்து பார்த்தபோது, இடுப்பின் சரிவும் முழங்காலின் மடக்கமும் அந்த ஏற்றத்தைக் குறைப்பதில் வகிக்கும் பங்கு மிகச் சொற்பம் என்று தெரிந்தது. 2005 இல் ஒர்டேகாவும் ஃபார்லியும் உடல் ஏறி இறங்காமல் சமமாகச் செல்லும்படி ஆட்களை நடக்கவைத்தபோது, சக்திச் செலவு குறைவதற்குப் பதிலாகக் கணிசமாக உயர்ந்தது. ஊன்றிய காலின்மேல் உடல் ஊசல் போல் எழுந்து விழுவதே சிக்கனமான வழி என்பது இன்றைய கொள்கை. பழைய கட்டுரையில் சொல்லப்பட்ட அசைவுகள் யாவும் நடப்பவை. அவற்றுக்குக் கற்பிக்கப்பட்ட காரணமே நிற்கவில்லை. பாடப்புத்தகங்களோ இந்தத் திருத்தத்தை மிக மெதுவாகவே ஏற்கின்றன.

முதுகெலும்பைப் பற்றிய வேலை சிறிதாயினும் மறக்கத்தக்கதன்று. தசைகளை நீக்கிவிட்டு எலும்பும் பிணையங்களும் மட்டுமாக நிறுத்திய முதுகெலும்புத் தொடர், உச்சியில் சுமார் 2 கிலோகிராம் பாரம் வைத்த அளவிலேயே வளைந்து சாய்ந்துவிடுவதை லூகஸும் பிரெஸ்லரும் 1961 இல் காட்டினர். மனிதனை நிமிர்த்தி நிறுத்துவதில் தசைக்குள்ள பங்கு இதனால் அளவோடு தெரியவந்தது. அதே ஆண்டில் மாரிஸ் என்பவர் அவ்விருவரோடும் சேர்ந்து, பாரம் தூக்குகையில் மார்பறையிலும் வயிற்றறையிலும் எழும் அழுத்தம் முதுகின் சுமையை எவ்வளவு குறைக்கக்கூடும் என்று கணக்கிட்டார். கட்டடப் பொறியியலாராகிய பிரெஸ்லரே, ஃபிராங்கல் என்பவரோடு 1950 இல், விசைத்தட்டின் எண்களைக் கொண்டு கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டுகளில் நடக்கையில் எழும் விசைகளைக் கையாலேயே கணித்துக் காட்டியவர். இன்று கணிப்பொறி க்ஷண நேரத்தில் முடிக்கும் அவ்வேலையின் முறை, பெரும்பாலும் அவர்கள் வகுத்த முறையே.

செயற்கைக் கால்களின் பக்கம் திரும்பினால், அங்கே முதலில் சொல்லத்தக்கவர் யந்திரப் பொறியியற் பேராசிரியர் சார்லஸ் ராட்கிளிஃப். கணுக்கால் மூட்டே இல்லாமல், உள்ளே திடமான மரக்கட்டையும் குதிகாலில் அமுங்கும் ரப்பர் ஆப்பும் வைத்துச் செய்த 'ஸாச்' பாதம் 1950களில் பெர்க்லியிலிருந்து பரவியது. தேய்மானத்துக்கு இடமான மூட்டு இல்லாததால் உலகெங்கும் மலிவாக வழங்கிற்று. முழங்காற் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் பாரந்தாங்க வல்லது என்பதை ஆதாரமாகக் கொண்டு, தொடையைச் சுற்றிக் கட்டும் தோற்கச்சையும் பக்க இரும்புகளும் வேண்டாத சாக்கெட் ஒன்று 1950களின் பிற்பகுதியில் உருவாயிற்று. முழங்காலுக்கு மேல் கால் இழந்தோருக்காக நான்கு தண்டுகளை இணைத்துச் செய்யும் முழங்கால் மூட்டின் கணிதத்தையும் ராட்கிளிஃப் விரிவாக ஆராய்ந்தார். அதில் சுழற்சி மையம் ஓரிடத்தில் நில்லாமல், கால் நீண்டிருக்கையில் மேலேயும் பின்னேயும் அமைவதால், ஊன்றும்போது முழங்கால் மடங்கி ஆளைக் கவிழ்ப்பதில்லை. வீசும்போது கால் சற்றுக் குறுகுவதால் விரல் நுனி தரையில் இடறுவதுமில்லை.

நாற்காலியில் அமர்ந்து பூட்ஸ் அணியும் மக்களுக்காகச் செய்யப்பட்ட ஸாச் பாதம் இந்தியாவுக்கு வந்தபோது அதன் குறை புலப்பட்டது. வெறுங்காலோடு நடக்கவும், குந்தவும், சம்மணமிட்டு உட்காரவும் உள்ளிருக்கும் கட்டை இடந்தரவில்லை. ஜெய்ப்பூரில் எலும்பு-மூட்டு வைத்தியர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் 1960களின் இறுதியில் ரப்பரைக் கொண்டு வளையும் பாதம் செய்தது இக்குறையை நீக்கவே. நான்கு தண்டு மூட்டோ அவ்விதப் பகையின்றி இங்கே குடியேறியது: சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் இயங்கும் புனர்வாழ்வுக் கருவி ஆய்வு மையம், பெங்களூர் மொபிலிட்டி இந்தியா ஸ்தாபனத்தோடு சேர்ந்து 2022 இல் வெளியிட்ட 'கதம்' முழங்கால், சுழற்சி மையம் நகரும் அதே இனத்தைச் சேர்ந்தது.

இன்மனிடம் பயின்றோருள் ஜாக்குலின் பெர்ரி (1918–2013) தலையாயவர். யுத்தத்தில் படை இயன்முறைச் சிகிச்சையாளராகப் பணிபுரிந்து, பிறகு வைத்தியம் கற்று, பெண்கள் அரிதாகவே நுழைந்த எலும்பு-மூட்டு ரண சிகிச்சைத் துறையில் தேர்ந்து, லாஸ் ஏஞ்சலஸ் அருகே ராஞ்சோ லாஸ் அமிகோஸ் ஆஸ்பத்திரியில் நடை ஆய்வை நோயாளிகளின் சிகிச்சைக்குரிய கருவியாக்கினார். டேவிட் சதர்லண்ட் குழந்தைகளின் நடையை ஆராய்ந்தார். இன்மன் தம் வாழ்நாள் வேலையைத் தொகுத்து ரால்ஸ்டனோடும் டாட் என்பவரோடும் எழுதிய 'ஹியூமன் வாக்கிங்' என்ற நூல், அவர் காலமான மறு ஆண்டில், 1981 இல் வெளிவந்தது.

தோலின்மேல் ஒட்டிய பிரகாசப் புள்ளிகளைப் பல காமிராக்கள் ஒருசேரத் தொடரும் இன்றைய ஆய்வகங்களிலும், எலும்பின் நெடுக்குச் சுழற்சியே பிழை மிகுந்த அளவீடாக இருந்து வருகிறது. அதனால் ஐயம் தீர வேண்டியபோது, 1990களில் ஸ்வீடன் தேசத்தில் நிகழ்ந்தது போல, ஆய்வாளர்கள் மீண்டும் எலும்பில் ஊசி பதிக்கும் முறைக்கே திரும்பியிருக்கின்றனர். அதற்கு இசைந்து காலைக் கொடுப்போர் எக்காலத்திலும் சிலரே ஆகையால், 1948 ஆம் ஆண்டின் எண்கள் இன்றும் மேற்கோளாக எடுத்தாளப்படுகின்றன.