யாருடைய சுவர்

பாரிஸில் 1922இல் 'ஜான் டெசேர்' என்ற பெயரில் ஓர் அறைகலன் கடை திறந்தது. அப்படி ஓர் ஆண் கிடையாது. கடையை நடத்தியவர் ஐலீன் கிரே, 1878இல் அயர்லாந்தில் பிறந்தவர். பெண்கள் ஆண்பெயருக்குள் ஒளிந்து நாவல் எழுதியதை அறிவோம். நாற்காலி விற்கவும் அந்தப் போர்வை வேண்டியிருந்தது.

ஜப்பானியக் கைவினைஞர் சுகவாராவிடம் அவர் ஆண்டுக்கணக்கில் அரக்குப்பூச்சு கற்றார். இது நம்மூர் அரக்கு அல்ல, மரத்தில் கீறி எடுக்கும் பால். ஒரு பூச்சு பூசி, ஈரக்காற்றுள்ள அறையில் காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். இருபது பூச்சுவரை போகும். தோலில் பட்டால் தடித்துப் புண்ணாகும். கிரேயின் கைகளும் தப்பவில்லை.

கட்டடக்கலையை அவர் கல்லூரியில் படிக்கவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், 1926க்கும் 1929க்கும் இடையில், தென் பிரான்ஸின் ரோக்புரூன் கடலோரப் பாறைச்சரிவில் முதல் வீட்டைக் கட்டினார். காதலர் ஜான் பதோவிசிக்காகக் கட்டியது. பெயர் ஈ.1027. ஆங்கில அகரவரிசையில் 10 ஜே, 2 பி, 7 ஜி. ஐலீனின் முதலெழுத்துக்கும் கிரேயின் முதலெழுத்துக்கும் நடுவே அவன் எழுத்துகள், அணைத்துப் பிடித்தாற்போல. அப்படியும் வீட்டைப் பதோவிசியின் பெயரில்தான் எழுதிவைத்தார்.

வீடு வாழ்வதற்கான எந்திரம் என்றார் லெ கொர்பூசியே, பின்னாளில் சண்டிகரை வடிவமைத்தவர். கிரே அதை ஏற்கவில்லை. அவர் வீட்டில் பொருள்கள் உடம்பின் பேச்சைக் கேட்கும். வட்டக் கண்ணாடி மேசையின் கால் கட்டிலுக்கு அடியில் நுழையும். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். படுக்கையிலேயே காலை உணவு உண்ணும் சகோதரியை நினைத்துச் செய்தது என்பார்கள். தலையணை வைக்கும் இடத்தில் 'தலையணைகள்' என்றும், வாசலில் 'மெதுவாக உள்ளே வாருங்கள்' என்றும் பிரெஞ்சில் அச்செழுத்து. ஆனால் கீழ்த்தளத்தில் பணிப்பெண்ணுக்கு ஒதுக்கிய அறை மிகச் சிறியது. செல்வக் குடும்பத்தில் பிறந்தவரின் கண் அங்கே கொஞ்சம் மூடிக்கொண்டது. இதையும் சொல்லாமல் அவரைக் கொண்டாட எனக்கு மனமில்லை.

1930களின் தொடக்கத்தில் கிரே பிரிந்து போனார். 1938லும் 1939லும் அங்கே தங்கிய லெ கொர்பூசியே, வெற்றுச் சுவர்களில் எட்டு ஓவியங்கள் தீட்டினார். நிர்வாணமாக நின்று தீட்டும் புகைப்படமும் உண்டு. பதோவிசி அனுமதித்திருந்தார், கட்டியவரை யாரும் கேட்கவில்லை. கிரே அதை நாசவேலையாகவே கருதினார். ஓவியங்களை லெ கொர்பூசியே அச்சில் வெளியிட்டபோது கிரேயின் பெயர் இல்லை. நாளடைவில் வீடே பதோவிசியுடையது என்றும், லெ கொர்பூசியேவுடையது என்றும்கூட எழுதினார்கள். 1952இல் அந்த வீட்டுக்குப் பின்னால் தனக்கொரு குடிலும் அமைத்துக்கொண்டார் அவர். 1965இல் அந்தக் கடலில் நீந்தும்போதுதான் இறந்தார்.

1968இல் ஜோசப் ரிக்வெர்ட் ஒரு கட்டுரை எழுதிய பிறகே கிரேயைத் தேடி ஆள் வந்தது. அப்போது வயது தொண்ணூறு. 1976இல் பாரிஸில் காலமானார். அவருடைய நாற்காலி ஒன்று 2009இல் ஏறத்தாழ 2.2 கோடி யூரோவுக்கு ஏலம் போனது.

சிதைந்துகிடந்த வீட்டை இப்போது சீரமைத்துப் பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள். அது இடிபடாமல் தப்பியதற்கு லெ கொர்பூசியேவின் ஓவியங்களும் ஒரு காரணம். அவற்றையும் சீராக்கி, அதே சுவர்களில் விட்டுவைத்திருக்கிறார்கள்.