மலத்தில் இரத்தமா? 'மூலம்தான்' என்று முடிவு கட்டாதீர்கள்: 50 வயதைக் கடந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை

மலேசியாவில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருப்பது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய். ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அதற்குத்தான் முதலிடம். தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2012-2016 அறிக்கையைப் பார்த்தால், இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்கு நோய் 3ஆம் அல்லது 4ஆம் கட்டத்தை எட்டிய பிறகே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும், வருவதற்கு முன்பே தடுக்கக்கூடிய புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. அதற்கான முதல் பரிசோதனையை வீட்டுக் கழிவறையிலேயே செய்துகொள்ளலாம். ஊசி இல்லை, வலி இல்லை.

ஏன் தாமதமாகிறது?

மலத்தில் இரத்தம் கண்டால் நம்மில் பலர் உடனே சொல்வது, "உடம்புச் சூடு" அல்லது "மூலம்". மோரில் வெந்தயம், கருணைக்கிழங்குக் குழம்பு, மருந்துக் கடையில் ஒரு களிம்பு என்று மாதங்கள் ஓடிவிடும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லக் கூச்சப்படும் பெற்றோரும் உண்டு.

மூலம் பரவலான நோய்தான். ஆனால் மூலம் உள்ளவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். இரத்தத்தின் நிறத்தைப் பார்த்து வீட்டில் யாரும் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

நோய் எப்படி உருவாகிறது?

பெரும்பாலும் குடலின் உட்சுவரில் 'பாலிப்' எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகவே இது தொடங்குகிறது. எல்லாப் பாலிப்புகளும் புற்றுநோயாக மாறுவதில்லை. மாறுபவை அந்த நிலைக்கு வரப் பொதுவாகச் சுமார் 10 ஆண்டுகள் ஆகும். அந்தக் காலம் முழுவதும் வலியோ வேறு தொந்தரவோ இல்லாமல் இருக்கலாம். அதற்குள் பாலிப்பைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் தோன்றுவதில்லை. அறிகுறி இல்லாதபோதே பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

வயதுதான் முதல் காரணம். 50 வயதுக்குப் பிறகு ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது. புகைபிடித்தல், மது, உடல் பருமன், உடலுழைப்பு இல்லாத வாழ்க்கை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பீர், விஸ்கி, சம்சு எதுவானாலும் மது மதுதான்.

நீரிழிவு நோயும் இந்தப் பட்டியலில் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டின் முக்கிய இனங்களில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடமே அதிகம்.

உணவைப் பொறுத்தவரை, சொசேஜ், ஹாம், டின் இறைச்சி போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சிகள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது. அவற்றைத் தினமும் 50 கிராம் உண்பது ஆபத்தைச் சுமார் 18 விழுக்காடு உயர்த்துகிறது. "நாங்கள் மாட்டிறைச்சி தொடுவதில்லை" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆட்டிறைச்சியும் சிவப்பு இறைச்சிதான். சைவ உணவு உண்பவர்களுக்கும் இந்நோய் வருகிறது. ஆகவே அவர்களும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால் 50 வயதுவரை காத்திருக்க வேண்டாம். பொதுவாக 40 வயதிலோ, உறவினருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்கு 10 ஆண்டுகள் முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது மருத்துவரைப் பார்த்து ஆலோசனை பெற வேண்டும். குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்ற விவரத்தை வீட்டுப் பெரியவர்கள் மறைக்காமல் சொல்லி வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய உதவி.

முதல் படி: மலப் பரிசோதனை

அறிகுறி ஏதும் இல்லாத 50 முதல் 75 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் 'ஐ.எஃப்.ஓ.பி.டி.' என்ற மலப் பரிசோதனை செய்யப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் மலத்தில் கலந்திருக்கும் மனித இரத்தத்தை இது கண்டறியும்.

கிளினிக்கில் ஒரு சிறு குப்பி தருவார்கள். அதன் மூடியில் உள்ள குச்சியால் மலத்தின் சில இடங்களில் தொட்டு, குப்பிக்குள் போட்டு மூடி, அவர்கள் சொன்ன நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மலம் கழிவறைத் தண்ணீரில் படக் கூடாது. குந்தி உட்காரும் கழிவறை என்றால் கீழே பழைய நாளிதழையோ பிளாஸ்டிக் தாளையோ விரித்துக்கொள்ளலாம்.

இதற்கு உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை. சிவப்பு டிராகன் பழமும் பீட்ரூட்டும் மலத்தைச் சிவப்பாக்கும், இரும்புச் சத்து மாத்திரை கறுப்பாக்கும். ஆனால் அவை முடிவை மாற்றாது. மூலத்திலிருந்து இரத்தம் வடியும் நாள்களிலும், பெண்கள் மாதவிடாய் நாள்களிலும் மாதிரி எடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

முடிவில் இரத்தம் இல்லை என்று வந்தாலும் அதோடு விட்டுவிட முடியாது. பாலிப்பில் தினமும் இரத்தம் கசிவதில்லை. அதனால் இந்தப் பரிசோதனையைப் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்வார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்காகக் கிளினிக்குக்குத் தவறாமல் போகிறவர்கள், அடுத்த முறை போகும்போதே இதைக் கேட்டு வாங்கலாம். தனியாக ஒரு நாள் விடுப்பு எடுக்கத் தேவையிருக்காது.

இரத்தம் இருப்பதாக வந்தால்

பலர் பின்வாங்கும் இடம் இதுதான். இரத்தம் இருப்பதாக முடிவு வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனாலும் காரணம் என்ன என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்குரியது 'கொலோனோஸ்கோப்பி'. கேமரா பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்கள். பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுவார்கள். இந்தப் படிக்கு வராமல் நின்றுவிட்டால் முதல் பரிசோதனை செய்ததில் பயனே இல்லை.

தயாரிப்பில் கவனிக்க வேண்டியவை:

• முந்திய இரண்டு மூன்று நாள்களுக்குக் கீரை, காய்கறி, விதையுள்ள பழங்களைத் தவிர்த்து, வெள்ளைச் சோறு, முட்டை, மீன் போன்ற எளிய உணவு உண்ணச் சொல்வார்கள்.
• குடலைச் சுத்தப்படுத்தும் மருந்தை முழுவதும் குடித்துவிட வேண்டும். குடல் சுத்தமில்லை என்றால் பாலிப் கண்ணுக்குத் தப்பிவிடும்.
• ரோஸ் சிரப் போன்ற சிவப்பு நிறப் பானங்கள் வேண்டாம். குடலுக்குள் அது இரத்தம்போல் தெரியும்.
• நீரிழிவு மாத்திரை, இன்சுலின், இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக எதையும் நிறுத்தக் கூடாது.
• மயக்க மருந்து கொடுப்பதால் அன்று வாகனம் ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவர் வேண்டும்.

மருந்து குடித்த பிறகு அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும். தோட்டத்திலிருந்து நெடுந்தூரம் வர வேண்டியவர்கள், முதல் நாள் இரவே பட்டணத்தில் இருக்கும் பிள்ளை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தங்கிக்கொள்வது நல்லது. அரசாங்க மருத்துவமனைகளில் தேதி கிடைக்கக் காத்திருக்க நேரலாம். கிடைத்த தேதியைத் தவற விடாதீர்கள்.

குடலில் துளை விழுதல், இரத்தக் கசிவு போன்ற பாதிப்புகள் அரிது. வயதும் மற்ற நோய்களும் கூடக்கூட அந்த ஆபத்து சற்று உயரும். ஆகவே 75 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையா என்பதை அவரவர் உடல்நிலையைப் பார்த்து மருத்துவருடன் பேசி முடிவு செய்ய வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

• மலத்தில் இரத்தம், அல்லது தார்போல் கறுத்த மலம்
• சில வாரங்களாகத் தொடரும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு
• மலம் கழித்த பிறகும் முழுதாகப் போகாத உணர்வு
• காரணமில்லாமல் எடை குறைதல்
• தொடர் வயிற்று வலி
• இரத்தச் சோகை, வழக்கத்துக்கு மாறான களைப்பு

இவற்றில் ஒன்று இருந்தாலும் மலப் பரிசோதனைக் குப்பிக்காகக் காத்திருக்காமல் நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வயதானவர்களின் இரத்தச் சோகையை "சாப்பாடு பற்றவில்லை" என்று ஒதுக்கிவிடக் கூடாது. குடலில் மெல்லக் கசியும் இரத்தம் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

செலவு

அரசாங்கக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளிதான். எஸ்.டி.ஆர். உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் 'பெக்கா பி40' திட்டம் உள்ளது. புற்றுநோய் கண்டறியப்பட்டு அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும் போக்குவரத்து உதவியும் அதில் உண்டு.

தடுக்க என்ன செய்யலாம்?

தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பது, புகையையும் மதுவையும் விடுவது, கீரை, பருப்பு, காய்கறி, பழங்களைக் கூட்டி இறைச்சியைக் குறைப்பது ஆகியவை ஆபத்தைக் குறைக்கும். ஆனால் இவை பரிசோதனைக்கு ஈடாகாது.

அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவுகளின்படி, நோய் குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால், ஏழு பேரில் ஒருவர் மட்டுமே.

உங்கள் வீட்டில் 50 வயதைக் கடந்த அம்மா, அப்பா, மாமா, அத்தை இருந்தால், "மலப் பரிசோதனை செய்தாயிற்றா?" என்று கேளுங்கள். அவர்களாகப் பேச்சை எடுக்கத் தயங்கலாம். கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகள்தான்.