ஓய்வு யோகமும் திராடகமும்

ஹடயோகப் பிரதீபிகை கூறும் ஆறு சுத்திக் கிரியைகளுள் ஒன்று திராடகம். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய அந்நூல், சிறியதொரு பொருளைக் கண்ணீர் வரும்வரை இமையாது நோக்குவதை இப்பெயரால் வழங்குகிறது. தியானத்துக்கு இது முன்படி மட்டுமே.

யாழ்ப்பாணத்து நீர்வேலி வீடுகளில் இதற்கென எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. சுவாமி அறைக் குத்துவிளக்கைக் காற்றுப்படாத இடத்தில், சுடர் கண்மட்டத்துக்கு வரும்படி முக்காலியில் ஏற்றி, மூன்றடி தள்ளிச் சம்மணமிட்டு இருந்தால் போதும். இமைப்பு நின்றதும் விழியின் ஈரப்படலம் உலரும். அதை ஈடுசெய்யவே கண்ணீர் சுரக்கிறது. பிறகு கண்ணை மூடினால் இருளில் சுடரின் சாயல் மிதக்கும். ஒளிபட்ட விழித்திரை களைத்ததால் தோன்றுவது அது. தெய்வக் காட்சியென்று மயங்கத் தேவையில்லை. அச்சாயல் அழியும்வரை மனத்தை அதிலே நிறுத்துவதுதான் பயிற்சியின் உயிர். சித்திகள் கைகூடும் என்று ஆசைகாட்டுவோர் பேச்சைப் புறந்தள்ளலாம்.

சுடரை நோக்கியிருத்தல் தமிழ்ச் சமயத்துக்கு அயலானதன்று. 1873இல் மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் தம் அறை விளக்கைப் புறத்தே வைத்து, அதன்முன் தியானிக்குமாறு அன்பர்களைப் பணித்தார்.

உடல் நொந்திருக்கையில் பார்வை ஓரிடத்தில் நில்லாது. வாழைத் தோட்டத்தில் பகல் முழுதும் மண்வெட்டியோடு குனிந்து நின்றவருக்கு முதலில் வேண்டியது சவாசனம். களைப்பை நீக்கி மனத்தை ஆற்றுவது என்று அதே பிரதீபிகை சொல்லும் ஆசனம். மல்லாந்து கிடந்து மூச்சை மெல்ல வெளிவிட, பரபரிவு நரம்புத்தொகுதி மேலோங்கி இதயத் துடிப்புத் தணிகிறது. புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) தலையணை, மடித்த போர்வை, கட்டை, பட்டி ஆகியவற்றால் உடலைத் தாங்கி, நோயாளரும் முதியோரும் ஆசனத்தில் நெடுநேரம் இருக்க வழிசெய்தார். மேலைநாடுகளில் 'ரெஸ்டோரேட்டிவ்' என வழங்கும் ஓய்வு யோகம் இதிலிருந்து கிளைத்தது. பிகாரின் முங்கேரில் சத்தியானந்த சரஸ்வதி வகுத்த யோக நித்திரையில், படுத்தபடியே விழிப்போடு ஒவ்வோர் உறுப்பாக நினைவைச் செலுத்துவர்.

யாழ்ப்பாணத்தில் அடங்கியிருத்தலுக்கு வேறொரு மரபும் உண்டு. கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களக் களஞ்சியக் காப்பாளராக இருந்த யோகர் சுவாமி (1872–1964), உத்தியோகத்தை விட்டபின் கொழும்புத்துறை இலுப்பை மரத்தடியில் ஆண்டுக்கணக்கில் தவமிருந்தார். ஆசன வகுப்பு எதுவும் அவர் நடத்தவில்லை. வந்தவர்களைச் சும்மா இருக்கச் சொன்னார். திராடகத்தைவிடக் கடினமான பாடம் அது.

தொடங்குவோர் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் சுடரை நோக்க வேண்டாம். கண்ணழுத்த நோயோ வலிப்போ உள்ளவர்களும், அண்மையில் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது. அவர்களுக்குச் சவாசனமே போதும்.