பச்சைத் தேயிலைச் சாறும் உடற்கொழுப்பும்: கோப்பையும் குளிகையும் ஒன்றா?

1. ஆய்வுப் பொருள்

பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் கமேலியா சினென்சிஸ் என்னும் ஒரே செடியின் இலைகள்தாம். பறித்த இலையை உடனே சூடுகாட்டி நொதிகளை அடக்கிவிட்டால், அதிலுள்ள கேட்டெக்கின்கள் என்னும் வேதிப்பொருள்கள் பெரும்பாலும் சிதையாமல் தங்கும். அதுவே பச்சைத் தேயிலை. அந்தக் கேட்டெக்கின்களைப் பிரித்துச் செறிவாக்கிக் குளிகையில் அடைத்ததை இங்கே ‘சாறு’ என்கிறோம். அது எடையைக் குறைக்கிறதா, குறைத்தால் எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் வினா.

2. செயல்படும் விதம்

கேட்டெக்கின்களுள் முதன்மையானது ஈஜிசிஜி. கொழுப்பை எரிக்கத் தூண்டும் நார்அட்ரினலினைச் சிதைக்கும் நொதியை இது தடுக்கிறது. கஃபீன் வேறொரு நொதியைத் தடுத்து அதே தூண்டலை நீட்டிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் விளைவு கூடும் என்பது கோட்பாடு.

3. மனிதச் சோதனைகள்

3.1 ஆற்றல் செலவு

1999இல் டுல்லூ குழுவினர் 10 ஆண்களை, மூச்சின் வழியே ஆற்றல் செலவை அளக்கும் மூடிய அறையில் ஒரு நாள் முழுதும் தங்கவைத்தனர். 270 மில்லிகிராம் ஈஜிசிஜியும் 150 மில்லிகிராம் கஃபீனும் கொண்ட சாறு, செலவை 4 விழுக்காடு உயர்த்தியது. அதே அளவு கஃபீனைத் தனியே கொடுத்தபோது அந்த உயர்வு இல்லை. கோட்பாட்டுக்கு இது வலுவான சான்று. ஆனால் அந்த 4 விழுக்காடு ஏறத்தாழ 80 கிலோகலோரி; 20 கிராம் சர்க்கரையில் அது திரும்பி வந்துவிடும்.

3.2 எடையும் கொழுப்பும்

2005இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், நாளொன்றுக்கு 690 மில்லிகிராம் கேட்டெக்கின் கலந்த ஊலாங் தேநீரை 12 வாரம் குடித்த ஆண்கள் 2.4 கிலோ குறைந்தனர், உடற்கொழுப்பும் குறைந்தது. 22 மில்லிகிராம் மட்டும் பெற்றவர்களும் 1.3 கிலோ குறைந்தார்கள். ஆகவே சாற்றின் கணக்கில் சேர்வது ஒரு கிலோ அளவே.

2012இல் காக்ரேன் தொகுப்பாய்வு, ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளில் சராசரி வேறுபாடு 0.04 கிலோ எனக் கண்டது. அதாவது 40 கிராம். ஒரு கோழிமுட்டையின் எடைகூட இல்லை.

4. முரணுக்கான காரணங்கள்

2009இல் ஹுர்செல் குழுவினர் செய்த தொகுப்பாய்வில், வழக்கமாகக் காப்பி, தேநீர் அதிகம் குடிப்போரிடம் பலன் குறைந்திருந்தது. உடல் கஃபீனுக்குப் பழகிவிடுவது காரணமாகலாம். நார்அட்ரினலினைச் சிதைக்கும் நொதியின் வேகம் மரபுவழி வேறுபடுவதும் இன்னொரு விளக்கம்.

5. அளவும் கல்லீரலும்

2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜியைத் துணையுணவாக உட்கொண்டால் கல்லீரல் நொதிகள் உயர்வதைச் சுட்டியது. தேநீராகக் குடிப்போருக்குக் கிடைப்பது பொதுவாக 90 முதல் 300 மில்லிகிராம் வரை. வெறும் வயிற்றில் குளிகை போட்டால் ஈஜிசிஜி இரத்தத்தில் மேலும் ஏறும். மின்னசோட்டாவில் மாதவிடாய் நின்ற பெண்கள் ஓராண்டு நாளுக்கு 843 மில்லிகிராம் எடுத்துக்கொண்டபோது, சுமார் 5 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் நொதி உயர்ந்தது.

6. முடிவு

உடலுக்குள் சாறு வேலை செய்கிறது என்பது உண்மை. அந்த வேலை எடைக்கருவியில் பெரிதாகத் தெரிவதில்லை என்பதும் உண்மை. பலன் போதவில்லை என்று குளிகையைக் கூட்டுபவர், எடைக்கு முன் கல்லீரலைப் பணயம் வைக்கிறார். சர்க்கரை போடாத பச்சைத் தேநீரைச் சுவைக்காகக் குடிக்கலாம். இடுப்பளவை அதன் பொறுப்பில் விட முடியாது.