சல்லி, துட்டு, சதம்: குற்றிக்காசு மாறிய கதையும் நம் தோட்டத்துக் கணக்கும்



நம் ஊர்க் கடைகளிலும் பஸ்ஸிலும் அடிக்கடி கேட்கும் ஒரு முறைப்பாடு உண்டு. “இந்தப் புதுக் குற்றியில ரெண்டு ரூபா எது, அஞ்சு ரூபா எதுன்னே தெரியல.” வயதானவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். பழைய ஐந்து ரூபா மஞ்சள் நிறம், நல்ல தடிப்பு. இருட்டில் தொட்டாலே தெரியும். 2017இல் மத்திய வங்கி ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ரூபாக் குற்றிகளைத் துருப்பிடிக்காத உருக்கில் வெளியிட்டது. அதற்குப் பிறகு எல்லாமே வெள்ளை நிறமாகிவிட்டது. பழையதும் புதியதும் ஒரே பையில் கிடக்கின்றன.

இதைச் சிறிய விஷயம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நம் பகுதியில் காசு மாறிய வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் நம் மக்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. காசில் யார் தலை இருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிதில்லை. “இதைக் கடைக்காரர் எடுப்பாரா? எண்ணிக்கை குறையாமல் கைக்கு வருமா?” இந்த இரண்டும்தான் பெரிது. அந்தக் கதையைக் கொஞ்சம் சேர்ந்து பார்ப்போம்.

முதலில் நம் வாயில் இருக்கும் சொற்களிலிருந்து தொடங்குவோம். நம் முஸ்லிம் வீடுகளில் பணத்துக்குச் ‘சல்லி’ என்போம். சிங்களச் சகோதரர்களும் ‘சல்லி’ என்றே சொல்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்தில் இங்கே ஓடிய சின்னச் செப்புக்காசுக்கு அந்தப் பெயர் இருந்தது. அந்தக் காசை ஒல்லாந்தர் ‘டொய்ட்’ என்றார்கள். தோட்டத்தில் சொல்லும் ‘துட்டு’ அதிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஒல்லாந்தர் போய் இருநூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. காசும் போய்விட்டது. பெயர் மட்டும் நம் நாக்கில் தங்கிவிட்டது.

ஆங்கிலேயர் வந்தபோது இங்கே ரிக்ஸ்டொலர், பணம், ஸ்டைவர் என்று பல காசுகள் கலந்து ஓடின. ஒரு ரிக்ஸ்டொலருக்கு 12 பணம், 48 ஸ்டைவர். பிறகு பவுண், ஷில்லிங், பென்ஸ் வந்தன. ஆனால் இங்கிலாந்தின் சின்னக் காசுகூட இந்நாட்டு ஏழைக்குப் பெரிய காசாக இருந்தது. அதனால் இலங்கைக்கென்றே அரை ஃபார்திங் காசும், அதற்குப் பிறகு 1839 முதல் கால் ஃபார்திங் காசும் அடித்தார்கள். ஒரு பென்னிக்கு பதினாறு கால் ஃபார்திங். எவ்வளவு சின்னத் தொகையில் நம் முன்னோர் வாங்கி விற்று வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தக் காசே சாட்சி.

பெரிய மாற்றம் 1872 ஜனவரி 1ஆம் திகதி வந்தது. அன்று முதல் இலங்கையின் கணக்கு ரூபாவும் சதமும் ஆனது. ஒரு ரூபாவுக்கு 100 சதம். அதற்காகவே 1870ஆம் ஆண்டு பொறித்த செப்புக்காசுகள் வந்தன: கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி தலை. மறுபக்கம் ஒரு மரம், ஆங்கிலத்தில் பெறுமதி, கூடவே சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி. தமிழ் எழுத்து நம் நாட்டுச் சதக் காசில் அன்றைக்கே ஏறிவிட்டது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அந்தக் காலத்தில் கோப்பித் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அணாக் கணக்குத் தெரிந்தவர்கள். ரூபாவுக்கு 16 அணா. அப்படியென்றால் ஒரு அணாவுக்கு எத்தனை சதம்? நூறைப் பதினாறால் வகுத்துப் பாருங்கள். ஆறேகால் சதம் வரும். நாலணா என்றால் சரியாக 25 சதம், பிரச்சினை இல்லை. ஒரு அணா என்றால் அந்தக் கால் சதத்தை யார் விடுவது? வாங்குபவரா, கொடுப்பவரா? கால் சதக் காசு கையில் இருந்தால்தான் கணக்குத் தீரும். இல்லாவிட்டால் எழுதத் தெரியாதவர் தலையில்தான் அது விடியும். காசு மாறும்போது ஏழை சந்தேகப்படுவது அறியாமை என்று நாம் நினைத்துவிடக் கூடாது. அந்தச் சந்தேகத்துக்குள் ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது.

பென்ஸ் கணக்கு சட்டத்தில் முடிந்த பிறகும் தோட்டத்தில் முடியவில்லை. வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குக் கொடுத்த சதக் கணக்கான தரகை, சதம் வந்து பல காலம் கழிந்த பின்னும் துரைமார் ‘பென்ஸ் மணி’ என்றே எழுதினார்கள். பெரிய கங்காணிக்குக் கீழே இருந்தவருக்குச் ‘சில்லறைக் கங்காணி’ என்று பெயர். பதவிப் பெயரிலேயே சில்லறை! துரையிடமிருந்து பெரிய கங்காணி, அவரிடமிருந்து சில்லறைக் கங்காணி, அவரிடமிருந்து தொழிலாளி என்று கூலி கைமாறிய தோட்டங்கள் பல. அரிசிக் கணக்கு, முற்பணக் கணக்கு, கடன் கணக்கு எல்லாம் கழித்த பிறகே மிச்சம். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அதுவரை பலருக்குக் காசைவிடத் துண்டுதான் பெரிய பத்திரம்.

நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதை 1884இல் இந்த மலைநாடு பார்த்தது. 1869இல் காணப்பட்ட இலை நோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதம் கதவடைத்தது. அந்த வங்கியின் நோட்டுகள்தான் அப்போது நாடு முழுக்கக் கைமாறிக்கொண்டிருந்தன. அந்த நோட்டுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று ஆளுநர் ஆர்தர் கோர்டன் அறிவித்தார். அடுத்த வருடம் முதல் அரசாங்கமே நோட்டு வெளியிடத் தொடங்கியது. காசு என்பது ஒரு வாக்குறுதி. அதை யார் கொடுக்கிறார்கள், கடைசி வரை நிற்பார்களா என்பதுதான் அதன் பெறுமதி.

காசின் வடிவத்துக்கு வருவோம். 1870இன் ஐந்து சதம் பெரிய, கனத்த செப்புக்காசு. 1909இல் அதன் இடத்துக்குச் சின்னச் சதுரக் காசு வந்தது. மூலை மழுங்கிய வெள்ளை நிறக் காசு. நாற்பதைத் தாண்டியவர்கள் அந்தச் சதுர வடிவத்தை அலுமினியத்தில் பார்த்திருப்பார்கள். பிற்காலத்தில் பத்துச் சதமும் இரண்டு சதமும் பூப்போல விளிம்பு வளைந்து வந்தன. சதுரம் என்றால் ஐந்து, பூ விளிம்பு பெரிதாக இருந்தால் பத்து. எழுத்துத் தெரியாத பாட்டியும் தடவியே சொல்லிவிடுவார். இன்று ஒன்று, இரண்டு, ஐந்து மூன்றுமே வட்டம், மூன்றுமே வெள்ளை. “தெரியல” என்று பாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சதம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். 1927ஆம் ஆண்டின் ஆகக் குறைந்த கூலிச் சட்டத்தின்படி 1929இல் நாட்கூலி நிர்ணயித்தார்கள். மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். நடுநாட்டில் 52, 41, 31. கீழ்நாட்டில் 50, 40, 30. கவனியுங்கள்: மலைக்கும் நடுநாட்டுக்கும் வித்தியாசம் இரண்டே சதம். அந்த இரண்டு சதத்தைச் சட்டம் போட்டு எழுதினார்கள். உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது இந்தக் கூலியையும் குறைத்தார்கள். கொழுந்து கொய்த பெண்ணின் கையில் ஆணைவிட நாளுக்கு 11 சதம் குறைவாகவே விழுந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி 1984இல்தான் வந்தது. இடையில் காசில் விக்டோரியா போய் எட்வர்ட், ஜோர்ஜ் என்று எத்தனையோ தலைகள் மாறின. பெண்ணின் கணக்கு மட்டும் மாறவே அத்தனை வருடம் எடுத்தது.

இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் சில்லறைக்கே பஞ்சம். 1942இல் ஐந்து, பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்களுக்குக் காகித நோட்டு அச்சடித்தார்கள். ஐந்து சத நோட்டு விசித்திரமானது. நடுவில் தபால் முத்திரைபோல் கிழிக்கும் கோடு. ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம். மூன்று சதத்துக்குச் சாமான் வாங்கினால் நோட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மிச்சப் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மழையிலும் பனியிலும் மலையில் நிற்பவர் மடியில் அந்தக் காகிதத் துண்டை எப்படிக் காப்பாற்றியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளியில் இருந்த 50 சதம் 1943இல் நிக்கல் பித்தளைக்கு மாறியது.

அடுத்தது 1963. இந்த வருடத்தை நாம் மறக்கக் கூடாது. இரண்டாம் எலிசபெத் மகாராணியின் தலை 1955, 1957ஆம் ஆண்டுகளின் இரண்டு சதக் காசில் இருந்தது. 1963இல் வந்த புதிய வரிசையில் அரச தலை போய் நாட்டின் இலச்சினை வந்தது. குடியரசு ஆனது 1972 மே 22இல். அதற்கு ஒன்பது வருடம் முன்பே காசு குடியரசு ஆகிவிட்டது என்று சொல்லலாம்! 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகும் அந்தக் காசில் மூன்று மொழியும் இருந்தன.

ஆனால் அந்தப் புதுக் காசைக் கூலியாக வாங்கியவர்களில் பெரும்பாலான தோட்ட மக்களுக்கு நாடு இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக ஆக்கியிருந்தது. புதுக் காசு வந்து அடுத்த வருடம், 1964 ஒக்டோபர் 30இல், சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சப் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று மனிதரையும் சில்லறைபோல் எண்ணிப் பிரித்தார்கள். காசில் அவர்களுடைய மொழி இருந்தது. வாக்காளர் இடாப்பில் அவர்களுடைய பெயர் இல்லை. மீதி இருந்தவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒரு முடிவுக்கு வந்தது. எழுத்தை உலோகத்தில் அடிப்பது ஒரு நாள் வேலை. உரிமையைக் கைக்குக் கொடுக்க நாற்பது, ஐம்பது வருடம் போனது.

அப்படிப் போன நம் சொந்தங்கள் இன்று நீலகிரியிலும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். அவர்களோடு பேசுபவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். இந்தியாவில் பத்து ரூபாய் நாணயம் பல வடிவங்களில் வந்தது. ரூபாய்க் குறியீடு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. எது அசல், எது போலி என்று வதந்தி கிளம்பியது. தமிழ்நாட்டில் பல கடைகளும் பஸ்களும் வாங்க மறுத்தன. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட வேண்டி வந்தது. அறிக்கை வந்த பிறகும் சந்தேகம் உடனே போகவில்லை. ஏன்? கடைக்காரர் எடுக்காத காசை வைத்துக்கொண்டு அன்றாடக் கூலிக்காரர் என்ன செய்வார்? இழப்பு அவர் தலையில். ஆகவே அவரும் வாங்க மறுக்கிறார். வதந்தி இப்படித்தான் கைக்குக் கை ஓடுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். 54 சதத்தில் ஒரு நாள் கூலி இருந்த நாட்டில், 2021இல் 1,000 ரூபா நாட்கூலியைப் பெறவே வருடக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. இன்று சதம் கண்ணில் படுவதில்லை. ஒரு ரூபா, இரண்டு ரூபாவைக் கடையில் நீட்டினால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். மிச்சக் காசுக்கு டொபி தருகிறார்கள். “ரெண்டு ரூபாதானே” என்கிறோம். ஒரு நாளைக்கு நாலு முறை இரண்டு ரூபா போனால் மாதம் 240 ரூபா. இந்தக் கணக்கை லயத்தில் இருக்கும் ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள். அவர் நம்மைவிட வேகமாகப் போட்டிருப்பார்.

அதனால் நாம் சில விஷயங்களைச் செய்யலாம். மத்திய வங்கி பழைய மஞ்சள் குற்றிகளைச் செல்லாது என்று அறிவிக்கவில்லை. பழையதும் செல்லும், புதியதும் செல்லும். நம் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இரண்டையும் தயங்காமல் எடுக்க வேண்டும், மிச்சத்தைக் காசாகவே கொடுக்க வேண்டும். பஸ்ஸில் வயதானவர் காசைப் பொறுக்க முடியாமல் நின்றால், பின்னால் நிற்கும் நாம் அவசரப்படுத்தாமல் எண்ணிக் கொடுக்க வேண்டும். கோயில் உண்டியலிலும் பள்ளிவாசல் பெட்டியிலும் சேரும் சில்லறையை நிர்வாகத்தினர் தூங்க விடாமல் கடைகளுக்கு மாற்றிக் கொடுத்தால் ஊரில் தட்டுப்பாடு குறையும்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், பாட்டியின் சுருக்குப் பையில் சதுர ஐந்து சதமோ, பூ விளிம்புப் பத்துச் சதமோ, 1870 செப்புச் சதமோ கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். 2013இல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்றாக 25 பத்து ரூபாக் குற்றிகள் வந்தன. நம் நுவரெலியா மாவட்டக் குற்றி இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்கள். அந்தக் காசில் என்ன வாங்கினோம், அன்று நாட்கூலி எவ்வளவு என்று பெரியவர்களிடம் கேட்டு இரண்டு வரி எழுதுங்கள். ஆண்டையும் பெறுமதியையும் அரசாங்கம் காசில் பொறித்துவிட்டது. அதைச் சம்பாதிக்க எத்தனை கிலோ கொழுந்து கொய்ய வேண்டியிருந்தது என்பதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.